முட்டி நழுவும் நாய்க்கு எந்த விளையாட்டு?

(நம் குடியிருப்பின் செல்லப்பிராணி வளர்ப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறு காலைகளில் பின்பக்கப் புல்வெளியில் நாய்களுக்கு விளையாட்டுப் பயிற்சி நடத்த நம் சங்கம் அனுமதி தந்திருக்கிறது. பெயர் கொடுக்க வந்தவர்களில் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "எங்க நாய்க்கு முட்டி நழுவுதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். சேர்க்கலாமா?" எங்கள் வீட்டு பொமரேனியன் சிண்டுவுக்கும் அதே பிரச்சினை. அதனால்தான் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் மருத்துவர் அல்ல. எங்கள் வீட்டில் இந்த முடிவை எப்படி எடுத்தோம் என்று மட்டும் சொல்கிறேன்.

நாயின் பின்னங்காலில், தொடை எலும்பின் முனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. முட்டிச் சில்லு அந்தப் பள்ளத்துக்குள் மேலும் கீழும் நகர வேண்டும். பள்ளம் ஆழமில்லாமலோ, கால் எலும்பு சற்றுத் திரும்பியோ இருந்தால் சில்லு பக்கவாட்டில் விலகிவிடும். பொமரேனியன், சிவாவா, டாய் பூடில் போன்ற சின்ன நாய்களில் இது அதிகம். பெரும்பாலும் உட்பக்கமாக விலகும். ஓடிக்கொண்டிருக்கும் நாய் திடீரென்று ஒரு பின்காலைத் தூக்கி நாலு எட்டு நொண்டிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். பலர் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிடுகிறோம். அதுதான் முதல் அடையாளம்.

மருத்துவர்கள் இதை 4 நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில், கையால் தள்ளினால் சில்லு விலகும்; விட்டால் தானே திரும்பிவிடும். 2-ஆம் நிலையில், தானாகவே அவ்வப்போது விலகும். காலை நீட்டினால் இடத்துக்கு வரும். 3-ஆம் நிலையில் பெரும்பாலும் விலகியே இருக்கும், கையால் தள்ளினால் உள்ளே போகும். 4-ஆம் நிலையில் தள்ளினாலும் போகாது. "முட்டிப் பிரச்சினை" என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். எந்தக் கால், எந்த நிலை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் மேற்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்தது, விளையாட்டு முட்டியிடம் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லோரும் ஆசைப்படுவது அஜிலிட்டிக்குத்தான். 1978-இல் லண்டனில் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து அமைத்த காட்சி விளையாட்டு அது. தாண்டுவது, வேகமாகத் திரும்புவது, கம்பங்களுக்கு இடையே வளைந்து ஓடுவது, சரிவுப் பலகையில் ஏறி இறங்குவது எல்லாம் அதில் உண்டு. நழுவும் சில்லுக்கு ஆகாதவையும் இவையேதான். சில்லு அடிக்கடி நழுவினால் குருத்தெலும்பு தேயும். முட்டிக்குள் இருக்கும் தசைநார் அறுந்துபோகும் வாய்ப்பும் கூடும்.

3, 4-ஆம் நிலை நாய்க்குத் தாண்டும் விளையாட்டே வேண்டாம். அறுவை சிகிச்சை தேவையா என்பதை முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். சிகிச்சை செய்தாலும் பல வாரங்கள் ஓய்வு, பிறகு மெதுவாக நடைப்பயிற்சி. விளையாட்டைப் பற்றி அதற்கப்புறம்தான் பேச முடியும். முதல் நிலையில், நொண்டாத நாய்க்கு, மருத்துவர் சம்மதித்தால் கம்பைத் தரையிலேயே வைத்துப் பழக்கலாம். குழப்பம் 2-ஆம் நிலையில்தான். சிண்டு அந்த நிலை. அவனுக்குத் தாண்டுவது உயிர். நொண்டினாலும் நிறுத்த மாட்டான். பந்தைக் கண்டால் வலி மறந்துவிடும். நாய் ஆசையாக ஓடுகிறது என்பதை வைத்து அதற்கு வலியில்லை என்று சொல்லிவிட முடியாது. அதனால் அவனுக்கு அஜிலிட்டி வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அதற்குப் பதிலாக மோப்ப விளையாட்டு. ஐந்தாறு அட்டைப் பெட்டிகளை வைத்து, ஒன்றில் வேகவைத்த கோழித்துண்டைப் போட்டுத் தேடச் சொல்கிறோம். போட்டிகளில் கிராம்பு எண்ணெய் போன்ற வாசனைகளை வைத்துத் தேடச் சொல்வார்கள்; ஒரு துளியைப் பஞ்சில் விட்டு, துளையிட்ட டப்பாவில் மூடி வைக்க வேண்டும், நாய் நக்கக் கூடாது. பத்து நிமிடம் தேடினால் சிண்டு களைத்துப்போய்ப் படுத்துவிடுகிறான். முட்டிக்கு ஒரு குதியும் இல்லை. தாண்டல் இல்லாத தொடக்கநிலை ராலி பயிற்சியும் நல்லது. சொன்னபடி உட்காருவது, உடன் நடப்பது, திரும்புவதுதான் அதில் வேலை.

வீட்டிலும் சில மாற்றங்கள் தேவை. வழவழப்பான டைல்ஸில் ரப்பர் விரிப்பு போடுங்கள். சோபாவிலிருந்து குதிக்க விடாதீர்கள். பாதத்து முடியை வெட்டிவிடுங்கள். எடை ஏறாமல் பாருங்கள். நாம் சாப்பிடும்போது கொடுக்கும் பிஸ்கட்டும் கணக்கில் சேரும். விளையாட்டுக்கு முன் ஐந்து நிமிடமாவது மெதுவாக நடத்துங்கள். நம் வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது; பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாய்க்கு விஷமாகலாம்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள். பயிற்சியில் சேருமுன் ஒவ்வொரு நாயின் முட்டியையும் மருத்துவரிடம் காட்டிவரச் சொல்லுங்கள். அஜிலிட்டிக்குப் பக்கத்திலேயே மோப்ப விளையாட்டுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். அன்றைக்கு நொண்டுகிற நாயை, யாருடையதாக இருந்தாலும், களத்தில் இறக்கக் கூடாது என்று விதி வையுங்கள். அப்படி ஒரு விதி இருந்தால், ஆசையோடு வந்தவரைத் திருப்பி அனுப்பும் சங்கடம் யாருக்கும் வராது.

பெட்டிகள் என் வீட்டில் நிறைய இருக்கின்றன. முதல் ஞாயிறுக்குக் கொண்டுவருகிறேன்.