பியானோவின் கம்பிகளை அடக்கும் முறை



தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டிக் கேட்கிறார். எந்தத் தந்தி ஒலிக்க வேண்டும் என்பதை அவர் விரலே தெரிந்தெடுக்கிறது. பியானோவில் அந்த வசதி இல்லை. அதன் நடு, மேல் ஸ்தாயிகளில் ஒரு கட்டையை அழுத்தினால், சுத்தியல் மூன்று கம்பிகளை ஒருங்கே தாக்கும். இரண்டினை வாயடைத்தாலன்றி மூன்றாவதன் குரலைத் தனித்துக் கேட்க இயலாது.

வாயடைக்கும் வழிகள் இரண்டு. நீண்ட கம்பளி நாடாவைக் கம்பிகளிடையே செருகிச் சென்றால், ஒரு ஸ்தாயி முழுவதிலும் நடுக்கம்பிகள் மட்டுமே ஒலிக்கும். மற்றது, சிறு இறப்பர் ஆப்புகளைச் சுரத்துக்குச் சுரம் மாற்றிச் செருகுவது. நிமிர்ந்த பியானோவில் சுத்தியல்கள் வழிமறிப்பதால், அவற்றின் ஊடே நுழையும் கவடுபோன்ற அடக்கியும் வேண்டியதாகும்.

இவற்றுள் எதைக் கொள்வது? கந்தப்பளையில் ஒரு தோட்டத்துப் பங்களாவில் பழைய பியானோ ஒன்று பல்லாண்டு தீண்டப்படாமல் கிடப்பதாகக் கொள்வோம். அவ்வூர் கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேல் உள்ளது. மூடுபனியின் ஈரத்தால் ஒலிப்பலகை பருத்துச் சுருதி ஏறும். வரண்ட மாதங்களில் சுருங்கி இறங்கும். நாளடைவில் கம்பிகளும் தளரும். 440 அதிர்வில் நிற்கவேண்டிய சுரம் 430இல் நிற்கிறது என்போம்.

இந்நிலையில் நாடாவைச் செருகி நடுக்கம்பிகளை நுணுக்கமாகச் சேர்ப்பது வீண்வேலை. நாடாவை எடுத்து இருமருங்குக் கம்பிகளையும் முறுக்கும்போது ஒலிப்பலகைமீது பாரம் கூடும். முன்னர்ச் சேர்த்தவை இறங்கிவிடும். இதனையறியாதார், முளை பிடிக்கவில்லை, இப்பியானோ இனி உதவாது என்று தீர்ப்புக் கூறிவிடுவர். நல்ல வாத்தியம் விறகாகும்.

ஆகவே முதற்சுற்றில் ஆப்பினைக் கொண்டு, மூன்று கம்பிகளையும் உடனுக்குடன் ஏற்றி, பியானோ முழுவதையும் விரைவாக ஏறத்தாழச் சேர்த்தல் வேண்டும். துருவேறிய கம்பி அறுந்துபோகக் கூடுமாதலின் சிறிது சிறிதாகவே முறுக்குக. பாரம் நிலைகொண்டபின், இரண்டாம் சுற்றில் நாடா தன் பயனைத் தரும். சுரங்களின் இடைவெளிகளை அமைதியாகக் கேட்டுச் சீர்செய்யலாம். முன்னரே சுருதி ஏறக்குறைய நிற்கும் பியானோவுக்கோ, தொடக்கத்திலேயே நாடா போதும்.

எம்முறையாயினும் ஆப்பினை அழுத்தித் திணித்தல் ஆகாது. கம்பி ஒருபுறம் ஒதுங்கினால், ஆப்பை எடுத்ததும் சுருதி மாறும். கருவியைத் தெரிந்தெடுக்குமுன் இசைக்கவையைத் தட்டி, பியானோ எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்று கேளுங்கள். எம்முறை ஏற்றது என்பதை அதுவே கூறிவிடும்.