உடைந்த ஷீட்டும் ஒரு சில்லும்

(குறுவள மையக் கூட்டத்தில் நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

இந்தக் கூட்டத்தில் வழக்கமாகக் கற்றல் விளைவுகளைப் பற்றிப் பேசுவோம். இன்று ஒரு சில்லைப் பற்றிப் பேச அனுமதி வாங்கியிருக்கிறேன்.

போன மாதம் மதிய இடைவேளையில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளிப் படிக்கட்டில் உட்கார்ந்து, பாண்டி ஆடுவதற்குச் சில்லு தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பாள், வாயால் ஊதுவாள், வட்டம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பாள், மறுபடியும் தேய்ப்பாள். மடியெல்லாம் சாம்பல் நிறத் தூள். நாமும் அப்படி ஓட்டுச் சில்லு தேய்த்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் அவள் கையில் இருந்தது ஓட்டுச் சில்லு அல்ல. சைக்கிள் கொட்டகையிலிருந்து உடைந்து விழுந்த ஷீட் துண்டு.

நாம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றும் சிமெண்ட் ஷீட் என்றும் சொல்வதில் பெரும்பகுதி சிமெண்ட்தான். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கல்நார். பெயருக்கேற்ப அது நாராகப் பிரியும் கல். தீயில் எரியாது, மட்காது, எளிதில் அறாது. அதனால்தான் கூரைக்கு வந்தது. அதே குணம்தான் நுரையீரலுக்குள் போனால் வினையாகிறது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அந்த இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதக்கும். மூச்சோடு ஆழமாகப் போய்த் தங்கிவிட்டால் உடலால் அவற்றைக் கரைக்க முடியாது. நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் அஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலின் உறையில் வரும் மீசோதீலியோமா ஆகிய நோய்கள் இதனால் வருகின்றன. இவை உடனே தெரியாது. 10 ஆண்டும் ஆகலாம், 40 ஆண்டும் ஆகலாம். வெள்ளை, நீலம், பழுப்பு என எந்த வகைக் கல்நாரானாலும் அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

இதையெல்லாம் நான் முன்பே அறிந்திருந்தேனா? இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் வீடு என் மாமனார் 1986-இல் கட்டியது. முன்கட்டு ஓடு, சமையலறையும் மாட்டுக் கொட்டகையும் ஷீட். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தபோது கொட்டகை ஷீட்டுகள் நொறுங்கி முற்றமெங்கும் கிடந்தன. மறுநாள் நான் தென்னந்துடைப்பத்தை எடுத்து அத்தனையையும் பெருக்கினேன். வெயில் அடித்துக் காய்ந்திருந்தது. புழுதி முகத்தில் அடித்தது. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். பிறகு கொட்டகை போட வந்தவர் புது ஷீட்டை முற்றத்திலேயே கட்டிங் மெஷினால் அறுத்தார். புகைபோல் தூள் எழும்பியது. என் மகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. நான் அவளை உள்ளே கூப்பிடவில்லை. நொறுங்கிய துண்டுகளைத் தெருப்பள்ளத்தில் கொட்டி மேடாக்கினோம். ஊரே அப்படித்தான் செய்தது.

இரண்டு ஆண்டு கழித்து, ஒரு பாடத்துக்காகப் படித்தபோதுதான் நான் என்ன செய்தேன் என்று புரிந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. ஒருநாள் தூசியால் நோய் வந்தே தீரும் என்றில்லை. எவ்வளவு தூசி, எத்தனை நாள் என்பதைப் பொறுத்தே ஆபத்து கூடுகிறது. ஆனால் இவ்வளவு வரை ஒன்றும் ஆகாது என்று கோடு போட்டுச் சொல்லவும் வழியில்லை. அந்த நிச்சயமின்மையோடுதான் இருக்கிறேன்.

அந்த வேகத்தில் வகுப்பில் கல்நாரின் கெடுதிகளை அடுக்கினேன். மணி அடித்ததும் ஒரு பையன் மேசை அருகில் வந்து மெல்லக் கேட்டான்: "எங்க வீடு ஷீட் வீடுதான் டீச்சர். நாங்க எல்லாரும் செத்துருவோமா?"

தோழர்களே, அந்தக் கேள்விதான் எனக்குப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்தது. கீற்றுக் குடிசைக்குத் தீப்பயம். அதிலிருந்து தப்பிக்கத்தான் அவன் அப்பா கடன் வாங்கி ஷீட் போட்டார். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த பிறகு, பள்ளிகளில் கீற்றை எடுத்துவிட்டு ஷீட் போட்டதும் குழந்தைகளைக் காக்கத்தான். யார் வீட்டுக் கூரையையும் இழிவாகப் பேச நமக்கு உரிமையில்லை.

அவனிடம் சொன்னேன்: "முழுசா இருக்கிற ஷீட்ல நார் சிமெண்டுக்குள்ள கட்டுண்டு கிடக்கு. உடைக்கிறப்ப, அறுக்கிறப்ப, துளை போடுறப்ப, தேய்க்கிறப்பதான் வெளியே வரும். அதை மட்டும் செய்யாதீங்க. வீட்ல போய் அதைச் சொல்லு, போதும்." அவன் முகம் தெளிந்தது.

நம் பிள்ளைகள் வழியாக வீட்டுக்குப் போக வேண்டிய செய்தி அதுதான். நல்ல நிலையில் இருக்கும் ஷீட்டைத் தொடாமல் விடுவதே முதல் பாதுகாப்பு. மின்விசிறி மாட்ட அதில் துளையிட வேண்டாம். பாசியை எடுக்கக் கம்பித் தூரிகையால் சுரண்ட வேண்டாம். பந்து எடுக்க ஷீட் மேல் ஏறவே கூடாது. பழைய ஷீட் ஆள் பாரம் தாங்காமல் சட்டென உடையும். பார்வையால் இது கல்நார், இது இல்லை என்று சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் கல்நார் என்றே வைத்துக்கொள்வோம்.

பிரிக்க வேண்டி வந்தால்? போன ஆண்டு எங்கள் சமையலறைக் கூரையை எடுத்தோம். இம்முறை செய்ததைச் சொல்கிறேன். குழந்தைகளை அத்தை வீட்டுக்கு அனுப்பினோம். கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் மூடினோம். காற்றில்லாத காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்தோம். புதிய கைத்தெளிப்பானில் தண்ணீரோடு சிறிது சோப்புத் திரவம் கலந்து ஷீட்டை இருபுறமும் நனைத்தோம். வேலை முடியும்வரை ஈரம் காயவிடவில்லை. வேலை செய்தவர்கள் முகத்தோடு ஒட்டி நிற்கும், நுண்ணிழைகளை வடிகட்டும் முகக்கவசம் அணிந்தார்கள். துண்டும் கைக்குட்டையும் இந்த இழைகளைத் தடுக்காது. துருப்பிடித்த போல்ட்டை வெட்டினார்கள், ஷீட்டை உடைக்கவில்லை. பலகை போட்டு அதன்மேல் நின்றார்கள். ஒவ்வொரு ஷீட்டையும் முழுசாக, கைமாற்றிக் கீழே இறக்கினார்கள், மேலிருந்து போடவில்லை. கீழே விழுந்த சிறு துண்டுகளை ஈரத்தோடு பொறுக்கினோம். துடைப்பம் தொடவில்லை, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் சேர்த்துக் கட்டினோம். எல்லாவற்றையும் தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி, 'கல்நார், பிரிக்காதே' என்று எழுதினோம். உடுத்திய துணிகளை உதறாமல் தண்ணீரில் போட்டுத் தனியாக அலசினோம்.

கழிவை என்ன செய்வது? குப்பையில் போடக் கூடாது, எரிக்கக் கூடாது, பள்ளம் தூர்க்கக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் கல்நார்க் கழிவும் இருக்கிறது. ஆகவே மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுத்தான் அப்புறப்படுத்த வேண்டும். வழி கிடைக்கும்வரை சுற்றிக் கட்டியபடியே, யார் காலும் படாத இடத்தில் வைக்கலாம்.

கூலிக்கு வரும் தொழிலாளியையும் மறக்க வேண்டாம். நமக்கு ஒருநாள் வேலை. அவருக்கு அது வாழ்நாள் வேலை. 1995-இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அவருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது நம் பொறுப்பு. புகைபிடிப்பவருக்குக் கல்நாரால் நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்து பல மடங்கு கூடும் என்பதையும் அவரிடம் சொல்வோம்.

நம் பள்ளிகளுக்கு மூன்று வேலைகள். ஒன்று, வளாகத்தைச் சுற்றி வந்து உடைந்த ஷீட்டும் துண்டுகளும் எங்கே கிடக்கின்றன என்று பார்ப்போம். இரண்டு, ஆய்வக அலமாரியைத் திறப்போம். நடுவில் வெள்ளை வட்டம் உள்ள பழைய கம்பி வலைகளில் இருப்பது கல்நாராக இருக்கலாம். உதிர்பவற்றைச் சுரண்டாமல் நனைத்து, பையில் கட்டி ஒதுக்குவோம். மூன்று, உடைந்த கூரையைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக எழுதி, விடுமுறை நாளில் மாற்றக் கேட்போம்.

படிக்கட்டில் இருந்த அந்தப் பெண்ணை நான் திட்டவில்லை. கையையும் பாவாடையையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். படிக்குத் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். வீட்டிலிருந்து உடைந்த மண்பானைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மறுநாள் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நல்லா வழுக்கும் டீச்சர்" என்றாள். அன்று மதியம் இருவரும் பாண்டி ஆடினோம். நான் தோற்றேன்.