அடைபட்ட கழிப்பறை
(புளியங்குடியில் சுற்றுவட்டாரக் கிராம மக்கள் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



எலுமிச்சைக்குப் பேர்போன ஊரில் நின்றுகொண்டு கழிப்பறையைப் பற்றியா பேசுவது என்று முகஞ்சுளிக்க வேண்டாம். சென்ற மாதம் எமது இல்லத்துக் கழிப்பறையே அடைத்துக்கொண்டது. “யாராவது ஓர் ஆளை அழைத்து வாருங்கள்” என்பதே எமது வாயிலிருந்து வந்த முதற்சொல். ஊருக்கு உபதேசம் செய்யும் நாம் சொல்லத் தகாத சொல் அது. கழித்தவர் நாம், துப்புரவு செய்ய இன்னொருவரா? வெட்கமடைந்து நாமே முனைந்தோம்.

கோப்பைக்கு அடியில் வளைந்த குழாய் ஒன்று உண்டு. அதில் எந்நேரமும் தங்கி நிற்கும் சிறிதளவு நீர், குழியின் துர்நாற்றம் மேலே வரவொட்டாமல் தடுக்கிறது. துணி, மணல், தேங்காய் நார் முதலியன சிக்குவதும் பெரும்பாலும் அவ்வளைவிலேதான். அடைத்தபின் மேலும் மேலும் நீரைக் கொட்டலாகாது, பொங்கி வழியும். சோப்புத்தூள் கரைத்த வெந்நீரை ஊற்றி அரைமணி நேரம் விடுக. கொதிநீர் கூடாது, பீங்கான் வெடிக்கக்கூடும். பின்னர் ரப்பர்க் கிண்ணம் பொருத்திய கம்பைத் துவாரத்தின்மேல் பொருந்த வைத்து, மெல்ல அழுத்தி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். ஒருமுறை இரண்டுமுறையில் சலித்துவிடக் கூடாது. எமக்குப் பதினைந்து முறை ஆயிற்று. வெளிவந்தது என்ன தெரியுமா? பாத்திரம் துலக்கும் நார்க்கற்றை!

ஆசிட் ஊற்றும் வழக்கத்தை விட்டொழியுங்கள். குழியில் மலத்தை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களை அது மாய்க்கும். பிளீச்சிங் பவுடரோடு கலந்தாலோ நச்சுவாயு கிளம்பும்.

இத்தனைக்கும் நீர் இறங்கவில்லையெனில் கோளாறு குழியில் இருக்கலாம். இரட்டைக் குழி உடையோர், குழிகளுக்கு முன்னுள்ள சிறு தொட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு குழி நிரம்பியிருந்தால் மறுகுழிக்குத் திருப்பிவிடலாம். நிரம்பியதை இரண்டாண்டு மூடி வைத்தால் தோட்டத்துக்கு எருவாகும்.

செப்டிக் டேங்க் உடையோர் கழிவுநீர் லாரியை அழையுங்கள். மனிதனை உள்ளே இறக்காதீர்கள். அங்கே திரளும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சில மூச்சிலேயே ஆளை வீழ்த்திவிடும். தூக்கப் போனவரும் உடன் மாண்ட செய்திகள் பல. தக்க பாதுகாப்பின்றி இறக்குவோருக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதற் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சாக்கடையில் இறந்தோர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தொகையால் மாண்டவர் மீள்வதில்லை.

எமது வீட்டு ரப்பர்க் கம்பைக் கழுவிக் கொணர்ந்து இம்மேசைமேல் வைத்திருக்கிறோம். கூட்டம் கலையுமுன் ஒவ்வொருவரும், குறிப்பாக ஆடவர், கையில் பிடித்துப் பழகிச் செல்லுங்கள்.