எளிது என்று எடுக்கும் பாடம்



சென்ற விடுமுறையில் இராசிபுரம் பக்கத்து மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். பள்ளி இறுதித் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்று, நாட்டின் முதல் வரிசைப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்பியல் படிக்கச் சென்றவர். முதற்பருவத்தில் இரண்டு பாடங்களில் தவறிவிட்டார்.

"ஐயா, வணிகவியலுக்கு மாறிவிடலாம் என்று எண்ணுகிறேன். அது எளிது என்கிறார்கள்" என்றார். அவர் குரலில் ஒலித்தது விருப்பமன்று, அச்சம்.

அவர் தவறியதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று. பள்ளியில், வரக்கூடிய வினாக்களையே பலமுறை எழுதிப் பழகினார். பல்கலைக்கழகத்திலோ, முன்பு கண்டிராத கணக்கைத் தாமே சிந்தித்துப் போட வேண்டும். பாடம் நடப்பது ஆங்கிலத்தில். உடன் பயில்பவர் அனைவரும் தத்தம் பள்ளியில் முதல்வராய் இருந்தவர்கள். ஐயம் கேட்டால் நகைப்பார்களோ என்று வாய் மூடியிருந்தார். அந்த மௌனமே அவரைத் தோற்கடித்தது. பாடத்தை மாற்றினாலும் அம்மௌனம் உடன் வருமன்றோ?

இனி, வணிகவியல் எளிதுதானா? அவர் தந்தையார் மரவள்ளி பயிரிடுபவர். "கிழங்கிற்கு விலை எப்படி வைக்கிறார்கள்?" என்று கேட்டேன். "மாவுச்சத்தை அளந்து, பாயிண்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று" எனச் சொன்னார். "அந்த விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது?" என்றேன். விடை இல்லை.

அவ்விடையைத் தேடுவதே வணிகவியல். இரண்டாம் உலகப் போரின்போது கீழை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றது. 1943-ஆம் ஆண்டளவில் சேலத்து மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவிலிருந்து அதனைச் செய்யத் தொடங்கினார். ஆலைகள் பெருகின. ஆயினும் சரக்கைத் தேக்கிவைக்க இடமும் முதலும் இல்லாதவர், வந்த விலைக்கு விற்க நேர்ந்தது. 1981-இல் உற்பத்தியாளர்கள் கூடிச் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். சரக்கைக் கிடங்கில் வைத்து, அதன்மேல் முன்பணம் பெற்று, ஒப்பந்தப்புள்ளி முறையில் விற்க வழி பிறந்தது. மகாராஷ்டிரத்து மக்கள் நோன்பு நாட்களில் ஜவ்வரிசி உண்கிறார்கள். ஆகவே அங்குள்ள நோன்புக் காலம் இங்குள்ள கிழங்கின் விலையையும் தொடுகிறது. இதனை விளங்கிக்கொள்ளக் கணக்கியல், புள்ளியியல், பொருளியல், சட்டம் அனைத்தும் வேண்டும்.

கணிதத்திற்கு அஞ்சி இப்பாதையில் ஓடுவோர் கணிதத்தையே மீண்டும் சந்திப்பர். கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் 1961-இலும், திருச்சிராப்பள்ளியில் 2011-இலும் தோன்றிய இந்திய மேலாண்மைக் கழகங்களில் முதுநிலை மேலாண்மை பயில எழுதும் பொது நுழைவுத் தேர்வில் கணிதத்திற்கென்றே ஒரு பகுதி உண்டு.

ஆதலின், மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாறுமுன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: "இவ்விரண்டு பாடங்களிலும் தேறியிருந்தால், அப்பொழுதும் வணிகவியலை விரும்புவேனா?" ஆம் எனில் தயங்காமல் மாறுங்கள். இல்லை எனில், முதலில் ஆசிரியரிடம் சென்று ஐயங்களைக் கேளுங்கள்.

அம்மாணவர் தவறிய பாடங்களை மீண்டும் எழுதிய பின்னரே முடிவு செய்வதாகக் கூறிச் சென்றார். போகும்போது, "கிழங்கு விலையைப் பற்றி அப்பாவிடம் இன்றிரவே கேட்கப் போகிறேன்" என்றார். அவர் எப்பாடத்தைத் தேர்ந்தாலும், கேட்கத் தொடங்கிவிட்டார் என்பதே எனக்கு மகிழ்ச்சி.