குஞ்சுக்கு முதல்ல சூடு, அப்புறம்தான் தீனி

நம்ம ஊர்ல வளர்ந்தவங்களுக்கு அந்தக் கலர் கோழிக்குஞ்சு ஞாபகம் இருக்கும். கூடையில பச்சை, ரோஸ்னு கீச்கீச்னு கத்திட்டு வரும். வாங்கி அட்டைப்பெட்டியில விட்டு, நொய்யரிசி போட்டு, தண்ணி வெப்போம். மூணு நாலு நாள்ல பெட்டி அமைதியாயிடும். "சாயம்தான் கொன்னுடுச்சு"ன்னு பெரியவங்க சொல்லுவாங்க.

அதுங்க பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துல பொறந்த சேவல் குஞ்சுங்க. முட்டை போடாது, பல்லடம் பக்கம் வளர்க்கிற பிராய்லர் மாதிரி சீக்கிரம் எடையும் ஏறாது. அதனால பொரிப்பகத்துல அதுக்கு மதிப்பில்லை, சாயம் பூசிக்கிட்டு தெருவுக்கு வருது. ஆனா அது செத்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது சாயத்தை இல்லைங்க, குளிரை.

முட்டையை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி, மிச்சம் இருக்கிற மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயித்துக்குள்ள இழுத்துக்கும். அது கட்டுச்சோறு மாதிரி, ரெண்டு நாள் தாங்கும். சோறு கட்டிக் கொடுத்த இயற்கை, போர்வை கொடுக்கலை. மேல இருக்கிறது வெறும் பஞ்சு. முதல் ரெண்டு மூணு வாரம் உடம்புச் சூட்டை அதால தனியா காப்பாத்திக்க முடியாது. குளிர்ல நடுங்குற குஞ்சு தீனிப் பக்கமே போகாது. நாம "சாப்பிடவே மாட்டேங்குது"ன்னு கவலைப்படுவோம்.

அம்மிச்சி வீட்டுத் தோட்டத்துல தாய்க்கோழி இறக்கைக்குள்ள பத்துக் குஞ்சு அடங்கிடும். நம்ம ஃபிளாட்ல அந்த இறக்கைக்குப் பதில்தான் புரூடர்.

முதல் வாரம், குஞ்சு நிக்கிற மட்டத்துல 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 35 செல்சியஸ் வேணும். அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறைச்சுட்டே வாங்க. இறகு முளைச்ச பிறகு பல்பு வேண்டாம்.

எல்ஈடி பல்பு இதுக்கு ஆகாது. பழைய குண்டு பல்புதான். கரண்டுல 90 சதவீதத்துக்கு மேல சூடாவே வீணாக்குதுன்னு வீட்டை விட்டுத் துரத்துனோமே, அந்த வீணாப்போற சூடுதான் இங்க வேலைக்காகுது. பண்ணையில குஞ்சுக்கு 2 வாட்ஸ்னு கணக்கு சொல்லுவாங்க. குஞ்சு கம்மின்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிற சூடும் கம்மி. அதனால பத்துக் குஞ்சுக்கு 60 வாட்ஸ்ல ஆரம்பிங்க. பல்பை ஒரு பக்கமா, சுமார் ஒண்ணரை அடி உயரத்துல, கம்பியில கட்டித் தொங்க விடுங்க. அட்டையில பட்டா தீப்பிடிக்கும். பெட்டியோட இன்னொரு பக்கம் குளிர்ச்சியா இருக்கட்டும். சூடு அதிகமானா குஞ்சு ஒதுங்க இடம் வேணும். வழுக்குற நியூஸ்பேப்பர் மட்டும் விரிச்சா கால் அகண்டுடும். மேல சாக்கு விரிங்க. தண்ணித் தட்டுல கூழாங்கல் போடுங்க, குஞ்சு விழுந்து நனையாது.

தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சுங்களையே பாருங்க. பல்புக்குக் கீழ குவிஞ்சு கத்துனா குளிருது, பல்பை இறக்குங்க. விலகிப்போய் இறக்கையை விரிச்சு, வாயைத் திறந்து மூச்சு வாங்குனா வேகுது, ஏத்துங்க. பரவலா படுத்துத் தூங்குனா சரியா இருக்கு. எல்லாம் ஒரே மூலையில ஒதுங்குனா எங்கிருந்தோ காத்து அடிக்குது. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆனி, ஆடியில ஜன்னல் இடுக்கு வழியா எப்படி வரும்னு உங்களுக்கே தெரியும். பெட்டியைத் தரையில, ஜன்னல் ஓரமா வெக்காதீங்க.

ராத்திரி கரண்டு போச்சுன்னா, பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி, துணி சுத்தி உள்ள வைங்க. ஆறுனதும் மாத்துங்க.

கடைசியா ஒண்ணு. குழந்தை கேட்டுச்சேன்னு குஞ்சு வாங்குறதுக்கு முன்னாடி, மூணு வாரம் ராத்திரி எழுந்து பார்க்க வீட்ல யார் இருக்காங்கன்னு கேளுங்க. ஆள் இருந்தா பல்பை முதல்ல போட்டு பெட்டியைச் சூடாக்கிட்டு, அப்புறமா போய் குஞ்சு வாங்குங்க. ஆள் இல்லைன்னா கூடையைத் தாண்டி நடந்துடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்ங்க.