படர்தாமரைக்குப் பூசும் களிம்பு

படர்தாமரை பூஞ்சையால் வருவது. இரத்தக் கெடுதியால் அல்ல. இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் காலபோக வேலை தொடங்கிவிட்டால், ஈரம் காயாத கால்விரல் இடுக்கும் வியர்வை தேங்கும் தொடையிடுக்கும் அதற்கு வாய்ப்பான இடங்கள். குளோட்ரிமசோல் களிம்பு, பூஞ்சையின் உயிரணுச் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரோல் உருவாவதைத் தடுக்கிறது. கழுவி, ஈரமில்லாமல் துடைத்த தோலில் மெல்லியதாக, நாளுக்கு இருமுறை, படர்தாமரை வட்டத்தின் விளிம்புக்கு வெளியேயும் 2 சென்ரிமீற்றர் வரை பூச வேண்டும். பூஞ்சை பரவுவது விளிம்பில்தான். கடி நின்றதும் பலர் களிம்பை நிறுத்திவிடுவார்கள். தோல் தெளிந்த பின்னும் 2 வாரம் தொடராவிட்டால் படர்தாமரை திரும்ப வரக்கூடும். ஸ்டீரொயிட் கலந்த களிம்போ இன்னும் மோசம்: கடியும் சிவப்பும் அடங்கும், பூஞ்சை மட்டும் சத்தமில்லாமல் படரும். தலைமயிரைப் பிடித்த பூஞ்சைக்கும், நகத்தில் ஆழமாக இறங்கியதற்கும் களிம்பு போதாது. வைத்தியர் எழுதித்தரும் குளிசை வேண்டும்.