பெயர் மாறிய ஊர்



அமெரிக்காவின் நடுப்பகுதியில், நெப்ராஸ்கா மாநிலத் தலைநகரான லிங்கனுக்கு வடமேற்கே சுமார் 20 மைல் தொலைவில் கார்லண்ட் என்றொரு சிற்றூர் உள்ளது. ஊர் மக்கள் அனைவரையும் திரட்டினாலும் 200 பேரைச் சற்றே தாண்டும். ஒரு திருமண மண்டபத்தின் பாதிகூட நிரம்பாது. கண்ணுக்கெட்டிய மட்டும் மக்காச்சோளம் விளையும் பெருஞ்சமவெளியில், இப்பகுதியில் மட்டும் நிலம் அலையலையாக மேடிட்டிருக்கும். அம்மேடுகளுக்கு அங்குள்ளோர் இட்ட பெயர் ‘போஹிமிய ஆல்ப்ஸ்’. போஹிமியா இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி. வெறும் மேட்டை ஆல்ப்ஸ் என்றழைத்தது அவர்களது பரிகாசம்.

இவ்வளவு சிறிய ஊரைப் பற்றி ஓர் இலக்கிய வட்டத்தில் பேசுவானேன் என்று கேட்கலாம். 1918 வரை இவ்வூருக்கு வேறு பெயர் இருந்தது. அப்பெயர் ஜெர்மன்டவுன், ஜெர்மானியர் ஊர்.

1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் நிலத்தை உரிமையாக்கியது. ஐரோப்பாவில் காணி நிலமும் இல்லாதிருந்த ஜெர்மானியரும் செக் மக்களும் சுவீடியரும் கூட்டங்கூட்டமாக வந்தனர். மரம் அரிதான நாட்டில் புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டியெடுத்து வீடு கட்டினர். கையில் கொண்டுவந்த பொருள் சொற்பம். வாயில் கொண்டுவந்த மொழி மட்டும் முழுமையாக இருந்தது. தேவாலயமும் பள்ளியும் செய்தித்தாளும் அம்மொழியிலேயே நடந்தன.

1917 ஏப்ரலில் அமெரிக்கா ஜெர்மனியின் மீது போர் தொடுத்தது. அதன்பின் நடந்தவற்றுள் சில நகைப்புக்குரியவை. ஜெர்மானியரின் முட்டைக்கோசு ஊறுகாய்க்கு ‘விடுதலைக் கோசு’ என்று பெயர் சூட்டினார்கள். சில நகைப்புக்குரியவை அல்ல. அண்டை மாநிலமான அயோவாவின் ஆளுநர் 1918 மே மாதத்தில், பள்ளியிலும் பொது இடத்திலும் தொலைபேசியிலும், வழிபாட்டில்கூட, ஆங்கிலமன்றி வேறு மொழி கூடாது என ஆணையிட்டார். தாய்மொழியன்றி வேறறியாத கிழவிக்கும் பிரசங்கம் ஆங்கிலத்தில்தான். அவ்வாண்டிலேயே ஜெர்மன்டவுன் தன் பெயரைக் களைந்தது. போரில் மாண்ட அவ்வூர்ச் சிப்பாய் ரே கார்லண்டின் பெயர் ஊர்ப்பெயராயிற்று. இறந்த இளைஞனைப் போற்றியதில் குறை காண யாருமில்லை. ஆனால் பழைய பெயரைச் சொல்ல அஞ்சிய ஊர் அது என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஊர்ப்பெயரை ஒரு தீர்மானத்தால் மாற்றிவிடலாம். பிள்ளைகளின் நாவை மாற்றச் சட்டம் வேண்டியிருந்தது. 1919 ஏப்ரலில், போர் ஓய்ந்து ஐந்து மாதம் கழிந்தபின், நெப்ராஸ்கா அச்சட்டத்தை இயற்றியது. எந்தப் பள்ளியிலும் எந்தப் பாடத்தையும் ஆங்கிலமல்லாத மொழியில் கற்பிக்கலாகாது. எட்டாம் வகுப்புத் தேறாத பிள்ளைக்கு வேற்று மொழியைக் கற்றுத்தரவும் கூடாது. மீறினால் 25 முதல் 100 டாலர்வரை தண்டம் அல்லது சிறை.

கார்லண்டுக்கு மேற்கே ஏறத்தாழ 50 மைலில் ஹாம்ப்டன். இதுவும் சிற்றூரே. இதனை அடுத்த சீயோன் லுத்தரன் சபைப் பள்ளியில் ராபர்ட் மேயர் என்பவர் ஆசிரியர். சபையார் ஓர் உபாயம் கண்டனர். நண்பகல் இடைவேளையை அரை மணி நீட்டி, ஒரு மணி முதல் ஒன்றரை மணிவரை பள்ளி நேரமன்று என வகுத்து, அந்நேரத்தில் ஜெர்மன் மொழியில் விவிலியக் கதைகளைப் படிப்பித்தனர். தாய் தந்தையரின் வழிபாட்டில் பிள்ளைகள் பொருள் அறிந்து கலந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

1920 மே 25 அன்று அரசு வழக்கறிஞர் வகுப்புக்குள் நுழைந்தார். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஜெர்மன் நூலை வாசித்துக்கொண்டிருந்தான். மேயர் பின்னாளில் தம் வழக்குரைஞரிடம் கூறியது குறிப்பிடத்தக்கது: அக்கணத்தில் பாடத்தை ஆங்கிலத்துக்கு மாற்றியிருந்தால் வந்தவர் ஒன்றும் சொல்லாமல் போயிருப்பார்; தொடர்ந்தால் கைது. இவை இரண்டும் தமக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தன என்றார். பாடம் ஜெர்மன் மொழியிலேயே தொடர்ந்தது.

தண்டம் 25 டாலர். கட்டிவிட்டுப் போகலாம் என்று எண்ணத்தக்க தொகைதான். மேயர் கட்டவில்லை. 1922இல் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. ஐரிஷ் கத்தோலிக்கரான ஆர்தர் முல்லன் இந்த லுத்தரன் ஆசிரியருக்காக வாஷிங்டனில் வாதாடினார். 1923 ஜூன் 4 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம், ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், அச்சட்டம் செல்லாது என்றது. ஜெர்மன் மொழியை அறிந்திருப்பது மட்டுமே கேடு என்று கொள்ளலாகாது. பிள்ளையின் கல்வியைத் தீர்மானிக்கும் உரிமை பெற்றோருக்கும், கற்பிக்கும் உரிமை ஆசிரியனுக்கும் உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

வரலாற்றின் விசித்திரம் ஒன்று. இத்தீர்ப்பை எழுதியவர் மெக்ரெனால்ட்ஸ். யூதரான சக நீதிபதி பிராண்டைசுடன் ஆண்டுக்கணக்கில் பேச மறுத்த குறுகிய மனத்தினர். மாறுபட்ட இருவருள் ஒருவரோ, பேச்சுரிமைக்காகப் போற்றப்படும் ஹோம்ஸ். நல்லவை எக்கையால் வரும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட முடிவதில்லை.

நெப்ராஸ்காவில் வளர்ந்த நாவலாசிரியை வில்லா கேதர் 1921இலேயே ஒமாஹா நகரில் இச்சட்டத்தைப் பழித்துப் பேசினார். இன்னொரு மொழி அறிவதால் ஒரு பிள்ளையின் அமெரிக்கத்தன்மை குறைந்துவிடுமா என்பது அவர் எழுப்பிய வினா. குடியேறியோரின் பேச்சைக் கேட்டு வளர்ந்து, அவர்களையே கதைமாந்தராக்கியவர் அவர்.

ஆயினும் அந்நிலத்தில் முதலில் ஒடுக்கப்பட்டது ஜெர்மன் மொழி அன்று. பிளாட் நதிக்குத் தெற்கிலுள்ள நிலத்தை 1833 உடன்படிக்கையில் கைவிட்ட பானி மக்களும், அவர்களைப் போன்ற பிற தொல்குடியினரும் முன்னரே பறிகொடுத்தவர்கள். அதே மாநிலத்தின் ஜெனோவா என்ற ஊரில், தொல்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து வைத்த அரசு விடுதிப் பள்ளி 1884 முதல் 1934 வரை நடந்தது. தாய்மொழி பேசினால் அங்குத் தண்டனை. பெற்றோர் உரிமையை நிலைநாட்டிய 1923ஆம் ஆண்டின் தீர்ப்புக்குப் பின்னும் பதினோர் ஆண்டுகள் அப்பள்ளி நடந்தது.

வழக்கு வென்றது, மொழி வெல்லவில்லை. 1924இன் குடிவரவுச் சட்டம் புதியவர் வரத்தைச் சுருக்கியது. வானொலி வந்தது, பிள்ளைகள் நகரத்துக்கு வேலை தேடிப் போயினர். வழிபாடும் மெல்ல மெல்ல ஆங்கிலமாயிற்று. தடை நீங்கிய பிறகு தாமாகவே நழுவவிட்டார்கள் என்று சிலர் கூறுவர். அஞ்சி அடங்கிய பெற்றோர் வீட்டுக்குள்ளும் பிள்ளைகளிடம் பேசாமல் விட்டதை அக்கூற்று கணக்கில் கொள்வதில்லை. ஜெர்மன்டவுன் என்ற பெயரும் திரும்பவில்லை.

இக்கார்லண்டை அடுத்த பண்ணை வீட்டில்தான் டெட் கூசர் என்னும் கவிஞர் நெடுங்காலம் வாழ்ந்து எழுதினார். 1939இல் அயோவாவில் பிறந்தவர். லிங்கன் நகரில் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் பணி. விடியுமுன் நாலரை மணிக்கு எழுந்து, அலுவலகம் செல்லும்வரை கவிதை எழுதுவது பல்லாண்டு வழக்கம். எழுதியதை அலுவலகச் செயலரான பெண்மணியிடம் காட்டுவார்; அவருக்கு விளங்காவிட்டால் திருத்தி எழுதுவார். இதைக் கேட்டுப் புருவம் உயர்த்தும் கவிஞர்கள் இருக்கலாம். அக்கவிஞரே 2004 முதல் 2006 வரை நாட்டின் அரசவைக் கவிஞராக இருந்தார். 2005இல் புலிட்சர் பரிசும் பெற்றார்.

1998இல் அவரைப் புற்றுநோய் பற்றியது. சிகிச்சையின் காரணமாக வெயில் படலாகாது என்றனர் மருத்துவர். இருளிலேயே நாள்தோறும் இரண்டு மைல் நடந்தார். எழுத்தையும் படிப்பையும் கைவிட்டிருந்தவர், நவம்பர் காலை ஒன்றில் நடந்து திரும்பியதும் ஒரு கவிதை எழுதிப் பார்த்தார். அதன்பின் கண்டதைச் சிறுசிறு பாக்களாக்கி, அஞ்சலட்டையில் ஒட்டி நண்பர் ஜிம் ஹாரிசனுக்கு அனுப்பினார். பனி, வேலி, பறவை, அன்றைய வானிலை, இவையே பொருள். அவற்றுள் நூறு ‘குளிர்காலக் காலை நடைகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாயின. பக்கத்துச் சிற்றூரான டுவைட்டில் ஒரு பழைய கடையை வாங்கி, கவிதை செய்து தரப்படும், பழுது பார்க்கப்படும் என்று பலகையும் வைத்தார்.

போஹிமிய ஆல்ப்ஸில் கழிந்த பருவங்களைப் பற்றி அவர் எழுதிய உரைநடை நூல் 2002இல் வெளிவந்தது. தோட்டம், நாய், அண்டை வீட்டார், கிணறு என்று போகும் அந்நூலின் இடையிடையே செக் முதியோரின் பழமொழிகள் வந்துகொண்டே இருக்கின்றன, ஆங்கிலத்தில்.